லோடுவுக்குப் பல் சுத்தம் செய்த கதை

"என்ன டீச்சர், நாய்க்குப் பல் விளக்கி விடறதுக்கு லீவா?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது பக்கத்தில் நின்ற மூன்று ஆசிரியர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். 'குடும்ப உறுப்பினருக்கு அறுவை சிகிச்சை' என்று எழுதியிருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. உண்மையை எழுதி மாட்டிக்கொண்டேன். அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில் நான் உடனுக்குடன் உண்மை சொன்ன ஒரே இடம் அந்த விடுப்பு விண்ணப்பம்தான்.

சிரித்த மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது தனித்தனியாக வந்து, "எங்க ஊட்டு நாய்க்கும் வாய் நாறுதுங்க டீச்சர், எங்க காட்டினீங்க?" என்று ரகசியம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமையில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

லோடு எங்கள் நாய். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் என் கணவர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரியில், மூட்டைகளுக்கு நடுவே ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. "இதுவும் லோடுல சேர்த்திதானுங்க" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போய்விட்டார் டிரைவர். அதுவே பெயராகிவிட்டது. பண்ணையில் விரிசல் விட்ட முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆகவே தினமும் காலையில் லோடுவுக்கு ஓர் அவித்த முட்டை. வீட்டில் யாருக்கு என்ன மறந்தாலும் அது மறக்காது.

போன வருடமே அவன் வாய் நாற ஆரம்பித்தது. நாமக்கல்லில் நாய்க்கு முடிவெட்டிக் குளிப்பாட்டும் கடை ஒன்றில், "மயக்க ஊசியெல்லாம் வேண்டாங்க, அப்படியே சுரண்டி எடுத்துருவோம்" என்றார்கள். ஊசியில்லாமல் முடிகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு பேர் அவனை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் கம்பியால் பல்லைச் சுரண்டினார். மஞ்சளும் பழுப்புமாக இருந்த பல் பளிச்சென்று ஆகிவிட்டது. நான் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அந்தப் போட்டோவை இப்போது பார்த்தால் எனக்கே என்னை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

இந்த வருடம் அவன் வலது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. கண்ணில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நாங்களே முடிவு செய்து மஞ்சள் பற்றுப் போட்டோம். கோழி வளர்ப்பவர்கள் வீட்டில் இது ஒரு வியாதி. பண்ணையில் ஒரு மருந்து அலமாரி இருக்கும். கோழிக்கு, மாட்டுக்கு, கன்றுக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். ஊசி போடத் தெரியாத ஆள் வீட்டில் இருக்கமாட்டார். டாக்டரிடம் போவது என்றால் எங்கள் வைத்தியம் தோற்றுப்போன பிறகுதான்.

வீக்கம் உடைந்து சீழ் வந்ததும்தான் சேலத்துக்குக் கிளம்பினோம். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் விலங்குகளுக்குப் பல் மருத்துவம் பார்க்கும் டாக்டரம்மா இருக்கிறார் என்று விசாரித்திருந்தோம். போனில் கேட்டபோது, முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொன்னார்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமாம்.

அன்று காலை எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. முட்டை வேகும் வாசம் வந்தால் அவன் ஏங்குவான் என்று என் மாமனார் தனக்கும் காப்பி வேண்டாம் என்றுவிட்டார். கொஞ்சம் சர்க்கரை இருக்கிற மனிதர். ராசிபுரத்தில் காரை நிறுத்தி, ஒருவர் மாற்றி ஒருவர் இறங்கி, லோடுவின் கண்ணில் படாமல் டீக்கடைக்குப் பின்னால் நின்று இட்லி சாப்பிட்டோம். திருடர்கள்கூட இப்படிப் பயந்து சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.

டாக்டரம்மா அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். வெளியே பார்க்க வெள்ளையாக இருந்த அதே பல்தான்.

"வீக்கம் கண்ணுல இல்லைம்மா. மேல்வாயில இருக்கற பெரிய கடைவாய்ப் பல். மூணு வேர் அதுக்கு. வேர் கண்ணுக்குக் கீழ வரைக்கும் போகும். அங்க சீழ் கட்டியிருக்கு."

போன வருடம்தானே சுத்தம் செய்தோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"மயக்கம் கொடுக்காமலா? பாசி பிடிச்ச செவுத்துல மேலாக்க வெள்ளையடிச்ச மாதிரி அது. வியாதி ஈறுக்கு அடியில இருக்கு. நம்மகிட்ட பல் டாக்டர் வாயத் தொறங்கன்னா தொறப்போம். இவன் தொறந்துக்கிட்டு அசையாம இருப்பானா?"

பிறகு பொறுமையாக விளக்கினார். ஈறுக்கு அடியில் கல்போலப் படிந்த காரையை அதிர்ந்து அதிர்ந்து உடைக்கும் ஒரு கருவி இருக்கிறது. அது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்யும். அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகக் கூடாது. அதனால் மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் விட்டு, அதன் வழியாகவே மயக்க வாயுவும் ஆக்சிஜனும் கொடுப்பார்கள். பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்து, வேர் கெட்டுப்போன பல்லைப் பிடுங்கி, மற்றதைச் சுத்தம் செய்து, மறுபடி சீக்கிரம் காரை ஒட்டாதபடி வழவழப்பாகத் தேய்த்துவிடுவார்கள்.

"மயக்கத்துல ஏதாவது ஆயிடுங்களா?" என்று கேட்டார் என் கணவர். ஆயிரக்கணக்கில் கோழி வளர்த்துத் தினமும் நாலு செத்தால் அசராத மனிதர்.

"ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒன்பது வயசு. அதனாலதான் முதல்ல ரத்தம் பார்க்கறோம். கிட்னி, ஈரல் ரெண்டும் நல்லா இருந்தா மருந்தை வெளியேத்திடும், எழுந்துக்குவான். அது சரி, மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றோம் மூன்று பேரும், ஒத்திகை பார்த்தவர்கள்போல ஒரே குரலில்.

ரத்தம் எடுத்தபின் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். காத்திருப்பு அறையில் எதிரே மேட்டூரிலிருந்து வந்த ஒரு அம்மா மடியில் புசுபுசு பூனையோடு இருந்தார். போன வருடம் அந்தப் பூனைக்கு ஏழு பல் பிடுங்கினார்களாம். "முழிச்சதும் குடிச்ச மாதிரி தள்ளாடும், ஒரு மாதிரி அழுவும். பயந்துறாதீங்க" என்று கேட்காமலே தைரியம் சொன்னார்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது முகமே சரியில்லை. கிரியேட்டினின் என்று ஒன்று. ரத்தத்திலிருந்து சிறுநீரகம் கழுவி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. லோடுவுக்கு இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. இந்த நிலையில் மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பான் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் பகலெல்லாம் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், பிறகு ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்கலாம் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "பல்லுக்குன்னு கூட்டிட்டு வந்தா கிட்னிங்கறீங்க. நாளைக்கு இருதயம்பீங்க" என்று காத்திருப்பு அறையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். பில்லை ஏற்றுவதற்கு வழி பார்க்கிறார்கள் என்று என் கணவரிடம் சொன்னேன், அதுவும் டாக்டரம்மாவின் காதில் விழும்படி. அவர் லோடுவின் முன்காலில் மயிரை மழித்து, ஊசியைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டி, தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாட்களும் விடிந்ததும் சேலம், இருட்டினால் எருமப்பட்டி. லோடு டிரிப்ஸ் குழாயோடு ஒரு பழைய போர்வை மேல் படுத்திருப்பான். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்துவேன். சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அவன் எதையும் சாப்பிடவில்லை. அரைத்துக் கொடுத்த கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தான். மலம் தார்போலக் கறுப்பாகப் போனது.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசியுது. கிட்னியும் வயிறும் ஒண்ணா கெட்டா பெரும்பாலும் வலி மாத்திரைதான். நம்ம வலி மாத்திரை நாய்க்கு ஆகாது. வீட்ல நல்லா விசாரிங்க."

அன்று மாலை கார் மல்லூரைத் தாண்டும்போது நான் விசாரித்தேன். என் கணவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பத்தாம் வகுப்புப் பையன்களிடம் நான் பார்க்காத மௌனமா? "ஏனுங்க, உங்களைத்தான்" என்றேன்.

"ரொம்ப அனத்துனானே புள்ள. மாட்டு மாத்திரையில கால்வாசி உடைச்சு முட்டைக்குள்ள வெச்சுக் குடுத்துப்போட்டேன். ரண்டு நாளைக்குத்தான்."

மாடு என்ன எடை, நாய் என்ன எடை என்று கேட்டேன். கோழிக்கு மருந்து கலக்கும்போது கிராம் கணக்குப் பார்க்கிற ஆள் சொந்த நாய்க்குக் கண்ணளவு பார்ப்பாரா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். ராசிபுரம் வந்தபோது பின்சீட்டிலிருந்து மாமனார் செருமினார்.

"அவனை மட்டும் வையாத அம்மிணி. எம்பட மூட்டுவலி மாத்திரையை நானும் மூணு நாளைக்குக் குடுத்தேன். மஞ்சக்கருவுக்குள்ள வெச்சா அது கண்டுபிடிக்கலை."

நான் பேசினேன். நாமக்கல் வரும்வரை பேசினேன். படித்த குடும்பமா இது என்றேன். அன்றைக்கு டாக்டரம்மாவிடம் கத்தினேனே, என் மானம் போய்விட்டதே என்றேன். இரண்டு ஆண்களும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனதும் மாமனார் தன் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் ஒரு தாளில் மாத்திரைப் பெயர், அளவு, எத்தனை நாள் என்று கோடு போட்டு எழுதி டாக்டரம்மாவிடம் நீட்டினேன். முதல் நாள் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, "வேற எதுவும் இல்லையே?" என்றார்.

"அவ்வளவுதாங்க டாக்டர்" என்றேன்.

அவ்வளவுதான் இல்லை. சேலம் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்கள் இருவரும் பண்ணையில் இருந்தார்கள். லோடு கன்னத்தைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து முனகினான். என்னால் பார்க்க முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன் எனக்குப் பல்லில் வேர் சிகிச்சை செய்தபோது பல் டாக்டர் கொடுத்த வலி மாத்திரை அட்டையில் நாலு மீதி இருந்தது. எனக்குக் கேட்டது அவனுக்கும் கேட்கும் என்று நினைத்தேன். ஒன்றை முட்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினான். சாயங்காலம் இன்னொன்று கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொல்ல முடியவில்லை. நாமக்கல் வரும்வரை அவ்வளவு பேசிவிட்டு எந்த வாயால் சொல்வது? அவர்கள் கொடுத்ததோடு பார்த்தால் என்னுடையது இரண்டே இரண்டு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு தப்பு என்று தெரியாமல் இல்லை.

டிரிப்ஸ் முடிந்து வீட்டில் இருந்த வாரத்தில் என் கோபம் இன்னும் மோசமானது. கணவர் அவனுக்குத் தண்ணீர் வைத்தால்கூட, "அதுல என்ன கலந்தீங்க?" என்பேன். மாமனார் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால், "மடியில என்னங்க மாமா?" என்பேன். நான் பேசப் பேச அவர்கள் இன்னும் சாதுவானார்கள். ஒருநாள் மாமனார் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு லோடுவைத் தடவினார். அப்போதும் நான் சொல்லவில்லை.

மறுபடி வெறும் வயிறு, மறுபடி டீக்கடைக்குப் பின்னால் இட்லி, மறுபடி ரத்தம். இந்த முறை கிரியேட்டினின் அளவுக்குள் வந்திருந்தது. சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டரம்மா. ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார். 'மயக்கத்தில் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதை அறிவேன்' என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது. அதற்குக் கீழே, சமீபத்தில் கொடுத்த மருந்துகள் என்ற இடத்தில், நான் கோடு போட்டு எழுதிய தாளையே பின் பண்ணி வைத்திருந்தார்.

"உங்க லிஸ்ட்டை நம்பித்தான் உள்ள கொண்டுபோறேன்" என்றார். "எந்த வலி ஊசி போடலாம், எவ்வளவு போடலாம்னு இதைப் பார்த்துதான் முடிவு பண்ணியிருக்கேன்."

லோடு என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தான். பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க டாக்டர். நானும் கொடுத்தேன்."

எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று சொன்னேன். என் கணவரும் மாமனாரும் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்கள் பக்கம் திரும்பும் தைரியம் எனக்கு இல்லை.

டாக்டரம்மா தாளில் மூன்றாவது வரியை எழுதினார். "இன்னிக்கு ரத்தம் சரியா இருக்கு. செய்யறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கே சொல்லியிருந்தா வயித்துப் புண்ணுக்கு மருந்தைக் கூட்டியிருப்பேன். அவ்வளவு நாள் சாப்பிடாம கெடந்தானே, அதுல பாதியாவது குறைஞ்சிருக்கும்."

அவர் கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். முன்காலில் ஊசி ஏறியதும் லோடுவின் தலை என் உள்ளங்கையில் கனத்தது. கதவு மூடிக்கொண்டது.

இரண்டே கால் மணி நேரம். அந்த நேரம் முழுவதும் நான் ஒரு திட்டுக்காகக் காத்திருந்தேன். மல்லூரிலிருந்து நாமக்கல் வரை நான் பேசியதில் கால்வாசியாவது அவர்கள் திருப்பிப் பேசுவார்கள், அதற்கு உரிமை இருக்கிறது. என் கணவர் எழுந்து போய் ஒரு டம்ளர் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "குடி புள்ள. காலையில ஒரு இட்லிதான் தின்ன" என்றார். மாமனார், "போச்சாது உடு அம்மிணி. அது வலி தாங்காமக் கெடந்துச்சு, நம்மளுக்கும் தாங்கல" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அதுவே எனக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே அழுதேன்.

லோடு எழுந்துகொண்டான். மேட்டூர் அம்மா சொன்னபடியே தள்ளாடினான், ஊளை மாதிரி ஓர் அழுகை அழுதான். மொத்தம் நான்கு பல் போயிருந்தது. அந்தப் பெரிய கடைவாய்ப் பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது, வேர் மட்டும் அழுகியிருந்தது. பில் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் போய் மேலாக்கச் சுரண்டிவிட்டு வராமல், ஈறு சிவக்கும்போதே டாக்டரிடம் காட்டியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. இதைப் படிப்பவர்கள் அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் என்ன மாத்திரை கொடுத்தாலும் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது தையல் ஆறிவிட்டது. வாய் நாற்றம் இல்லை. கஞ்சி, சோறு, கறி எல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறான். முட்டை மட்டும் தொடுவதில்லை. ஒன்பது வருடமாக வாசலில் காத்துக்கிடந்து வாங்கித் தின்றவன், முழு முட்டையைக் கண்டால் இரண்டடி பின்னால் போகிறான். மாமனார் பொறுமையாக உட்கார்ந்து உடைத்து, மஞ்சள்கருவைக் கையில் பிசைந்து காட்டுவார். கொஞ்ச நாளில் அவர் கையில் சாப்பிட ஆரம்பித்தான். போன வாரம் என் கணவர் கையிலும் சாப்பிட்டுவிட்டான்.

நானும் தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஒரு முட்டையை எடுத்துப்போய் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்காருகிறேன். உடைத்து, பிசைந்து, விரலை விரித்துக் காட்டி, "ஒண்ணுமில்ல சாமி, பாரு, உள்ள ஒண்ணுமில்ல" என்கிறேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.